மைக் யார் கையில? பிராசஸ் குரூப்பும் டெர்மினலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்க, பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு போன் காலில் தொடங்குது.

பௌர்ணமி ராத்திரி, மணி பதினொன்றரை. நான் திருவண்ணாமலையில வீட்டுல இருக்கேன். பௌர்ணமி அன்னைக்கு எங்க ஊர் எப்படி இருக்கும்னு வந்தவங்களுக்குத் தெரியும். பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலையாத்தான் தெரியும். எங்க மாமா செங்கம் ரோடு பக்கம் ஒரு சின்ன லாட்ஜ் நடத்துறார். அங்க ரிசப்ஷன்ல இருக்கிற அண்ணன்தான் கூப்பிட்டார். "தம்பி, பெங்களூர்லேர்ந்து ஒரு குடும்பம் வந்து நிக்குது. ஆன்லைன்ல பணம் கட்டியிருக்காங்க. அந்த ரூமை நான் சாயங்காலமே கவுண்டர்ல கொடுத்துட்டேன். ரெண்டு சின்னப் புள்ளைங்க, கூடவே ஒரு பாட்டி. என்ன சொல்றதுன்னு தெரியல."

ஒரே ரூம், ரெண்டு பேருக்கு. அந்த புக்கிங் சாஃப்ட்வேர் எழுதினது நான்தான். அப்போ என் வாயில வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அண்ணே, நீங்க ஏதோ தப்பா அமுக்கியிருப்பீங்க."

அவர் ஒண்ணும் சொல்லல. மறுநாள் மாமாவும் அவரைத்தான் திட்டினார். அவர் எதையும் தப்பா அமுக்கலன்னு எனக்குப் புரிய ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரத்துல நான் கத்துக்கிட்டதுதான் இன்னைக்கு டாபிக்.

செட்டப் என்ன?

ரிசப்ஷன்ல இருந்தது ப்ளஸ் டூல எனக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011ல தொடங்கின திட்டம். அந்த லேப்டாப்கள்ல விண்டோஸ் கூட பாஸ் லினக்ஸும் இருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சென்னை சி-டாக்ல உருவான லினக்ஸ் அது. நான் லினக்ஸை முதன்முதலா பார்த்தது அதுலதான். இப்போ அந்த லேப்டாப்ல புது லினக்ஸ் போட்டு லாட்ஜுக்குக் கொடுத்திருந்தேன்.

அதுல மூணு புரோகிராம். ஒண்ணு என்ட்ரி ஸ்கிரீன். டெர்மினல்ல முழு ஸ்கிரீனா ஓடும், பேரு, ரூம் நம்பர், அட்வான்ஸ் எல்லாம் அதுல அடிப்பாங்க. ரெண்டாவது சிங்க். கவுண்டர்ல ஒரு ரூம் கொடுத்தா, ஒரு நிமிஷத்துக்குள்ள ஆன்லைன்லயும் அந்த ரூமை மூடும். மூணாவது, இந்த ரெண்டையும் கிளப்பிவிடுற ஒரு பைத்தான் ராப்பர். சிங்க் ஓடிட்டிருந்தா ஸ்கிரீன் மூலையில பச்சையா ஒரு புள்ளி தெரியும்.

லாக் பார்த்தேன். அன்னைக்கு சாயங்காலம் ஆறே முக்காலுக்கு சிங்க் நின்னு போயிருக்கு. எரர் ஒண்ணும் இல்ல. கிராஷ் ஆன தடயமும் இல்ல. அமைதியா செத்துப் போயிருக்கு. ஆறே முக்காலுக்கு அப்புறம் கவுண்டர்ல கொடுத்த ரூம் எல்லாம் ஆன்லைன்ல காலியாவே காட்டியிருக்கு.

எனக்குத் துப்பு கொடுத்தது அந்த அண்ணன்தான். "தம்பி, பேரு தப்பா அடிச்சிட்டா கன்ட்ரோல்-சி அடிச்சு கேன்சல் பண்ணுவேன், நீங்க சொல்லிக் கொடுத்ததுதான். அது அடிச்ச பிறகுதான் அந்தப் பச்சைப் புள்ளி போகுது. ரெண்டு மூணு தடவை பார்த்துட்டேன்."

பக் ரிப்போர்ட்னா இதுதான். என்ன செஞ்சா என்ன நடக்குதுன்னு ரெண்டே வரியில சொல்லிட்டார். நான் முன்னாடியே கேட்டிருக்கணும்.

கன்ட்ரோல்-சி எங்க போகுது?

நம்மில் நிறைய பேர் நினைக்கிறது: கன்ட்ரோல்-சி அடிச்சா ஸ்கிரீன்ல தெரியிற புரோகிராமுக்குப் போகும். இல்லன்னா ஷெல்லுக்குப் போய், ஷெல் அந்த புரோகிராமைக் கொல்லும். ரெண்டுமே தப்பு.

கன்ட்ரோல்-சி-ங்கிறது மூணாம் நம்பர் எழுத்து, அவ்வளவுதான். அதை முதல்ல பார்க்கிறது கெர்னல்ல இருக்கிற டிடிஒய் டிரைவர். டிடிஒய்-னா டெலிடைப். ஒரு காலத்துல கம்ப்யூட்டரோட பேச தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. கீபோர்டும் உண்டு, பேப்பர்ல அச்சடிக்கவும் செய்யும். அந்த மெஷின் போயிடுச்சு, பேரு மட்டும் இன்னும் இருக்கு. டிடிஒய் டிரைவர் அந்த எழுத்தைப் பார்த்ததும், சிக்-இன்ட் என்ற சிக்னலை டெர்மினலோட ஃபோர்கிரவுண்ட் பிராசஸ் குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பும். ஒருத்தருக்கு இல்ல, எல்லாருக்கும்.

இதுக்கு எங்க ஊர் உதாரணமே சொல்றேன். கிரிவலத்துக்கு ஒரு டூரிஸ்ட் வேன் கிளம்புது. வேன்ல நாலு குடும்பம். வேன்ல ஒரே ஒரு மைக். எந்தக் குடும்பம் கையில மைக் இருக்கோ, அவங்கதான் பாட முடியும்.

இதுல வேன்தான் செஷன். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிராசஸ் குரூப். மைக்தான் டெர்மினல். மைக் வெச்சிருக்கிற குடும்பம் ஃபோர்கிரவுண்ட், மத்தவங்க எல்லாம் பேக்கிரவுண்ட். ஒரு நேரத்துல ஒரு குடும்பம்தான் ஃபோர்கிரவுண்டா இருக்க முடியும். "போதும், நிறுத்துங்க"ன்னு ஒரு குரல் வந்தா, மைக் வெச்சிருக்கிற குடும்பம் மொத்தத்துக்கும் அது போய்ச் சேரும், அதுல பாடாம சும்மா உட்கார்ந்திருக்கிற சித்தப்பாவுக்கும் சேர்த்து.

என் சிங்க் புரோகிராம்தான் அந்த சித்தப்பா. ஒரு பிராசஸ் இன்னொண்ணைப் பெத்தா, குழந்தை அப்பாவோட குரூப்லயேதான் பிறக்கும். அதனால ராப்பர், என்ட்ரி ஸ்கிரீன், சிங்க் மூணும் ஒரே குரூப். கன்ட்ரோல்-சி மூணுக்கும் போச்சு. என்ட்ரி ஸ்கிரீன் அதைப் பிடிச்சு "கேன்சல்"னு எடுத்துக்கிச்சு. ராப்பர்லயும் அதைப் பிடிக்க கோடு எழுதியிருந்தேன். சிங்க்ல எழுதல. எழுதலன்னா, சிக்-இன்ட்டுக்கு வழக்கமான பலன் சாவுதான்.

கண்ணால பார்க்கிறது எப்படி?

இதை யூகிக்க வேண்டியதே இல்ல. பிஎஸ் கமாண்ட்ல மைனஸ் ஓ கொடுத்து இந்த ஆறு காலமும் கேளுங்க: பிஐடி, பிபிஐடி, பிஜிஐடி, எஸ்ஐடி, டிபிஜிஐடி, ஸ்டாட்.

பிஐடி நம்பர், பிபிஐடி அப்பா நம்பர். பிஜிஐடி எந்தக் குடும்பம். எஸ்ஐடி எந்த வேன். டிபிஜிஐடி என்பது இப்போ மைக் எந்தக் குடும்பத்துக்கிட்ட இருக்குன்னு சொல்லும். பிஜிஐடியும் டிபிஜிஐடியும் ஒண்ணா இருந்தா அந்த பிராசஸ் ஃபோர்கிரவுண்ட். ஸ்டாட் காலத்துல பிளஸ் குறி வந்தாலும் அதே அர்த்தம்தான். பெரிய டி எழுத்து வந்தா, அந்த பிராசஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு. தொங்கல, சாகல, "நில்லு"ன்னு யாரோ சொல்லி நிக்குது. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

நான் பார்த்தப்போ மூணுக்கும் பிஜிஐடி ஒரே நம்பர், மூணுலயும் பிளஸ் குறி. அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

நான் பண்ணின முதல் தப்பு

சரி, பிரிச்சு விட்டா போதும்னு நினைச்சேன். பைத்தான் 3.11லேர்ந்து சப்பிராசஸ்ல பிராசஸ் குரூப்னு ஒரு ஆர்குமென்ட் இருக்கு. சுழியம் கொடுத்தா, குழந்தை தனிக் குடும்பமா போயிடும். உள்ளுக்குள்ள நடக்கிறது செட்-பிஜிஐடி என்ற சிஸ்டம் கால். ரெண்டு குழந்தைக்கும் அதைக் கொடுத்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டுக்கும்! அதுதான் தப்பு.

ஓட்டினேன். என்ட்ரி ஸ்கிரீன் வரவே இல்ல. பிஎஸ் பார்த்தா, பெரிய டி.

ஏன்னா புதுக் குடும்பம் பிறந்துச்சு, ஆனா மைக் இன்னும் அப்பா கையில. டிபிஜிஐடி இன்னும் ராப்பரோட நம்பர்தான். பேக்கிரவுண்ட்ல இருக்கிற ஒருத்தர் டெர்மினலைத் தொட்டா கெர்னல் என்ன செய்யும்?

படிக்கப் பார்த்தா சிக்-டிடி-இன் என்ற சிக்னல் வரும். வழக்கமான பலன், நிறுத்தம். எழுதப் பார்த்தா பொதுவா விட்டுடும். அதனாலதான் பேக்கிரவுண்ட்ல ஓடுற புரோகிராம் நம்ம ஸ்கிரீன் நடுவுல கண்டதையும் அச்சடிக்குது. எஸ்டிடிஒய் கமாண்ட்ல டோஸ்டாப் போட்டிருந்தா மட்டும் எழுதுறதுக்கும் சிக்-டிடி-அவுட் என்ற சிக்னல் வந்து நிறுத்தும். ஆனா டெர்மினலோட மோடை மாத்தப் போனா, டோஸ்டாப் இருந்தாலும் இல்லன்னாலும் சிக்-டிடி-அவுட் வரும்.

என் என்ட்ரி ஸ்கிரீன் கீபோர்டைப் படிக்கப் போய் நின்னிருக்கும்னு நினைச்சேன். இல்ல. முழு ஸ்கிரீன் புரோகிராம் எதுவா இருந்தாலும் படிக்கிறதுக்கு முன்னாடி டெர்மினல் மோடைத்தான் மாத்தும். அந்த முதல் அடியிலயே சிக்-டிடி-அவுட் வாங்கி நின்னிருந்துச்சு. கில் கமாண்ட்ல சிக்-கான்ட் அனுப்பி எழுப்பினேன். எழுந்துச்சு, திரும்ப மோடை மாத்தப் போச்சு, திரும்ப நின்னுச்சு. எத்தனை தடவை எழுப்பினாலும் இதே கதைதான். மைக் கைக்கு வராம எழுப்பி என்ன பிரயோஜனம்?

ரெண்டாவது, மூணாவது தப்பு

மைக்கைக் கைமாத்த ஒரு ஃபங்ஷன் இருக்கு. பேரு டிசி-செட்-பிஜிஆர்பி. ராப்பர் அதைக் கூப்பிட்டு, என்ட்ரி ஸ்கிரீனோட குரூப் நம்பரைக் கொடுத்தா, மைக் அங்க போயிடும். கொடுத்தேன். வேலை செஞ்சுது, சில தடவை மட்டும். மத்த நேரம் பழையபடி பெரிய டி.

இது ரேஸ் கண்டிஷன். ராப்பர் மைக்கைக் கொடுக்கிறதுக்குள்ள குழந்தை டெர்மினலைத் தொட்டுட்டா நிறுத்தம். யார் முந்துவாங்கன்னு சொல்ல முடியாது. அதனாலதான் ஷெல் எழுதுறவங்க செட்-பிஜிஐடியை அப்பா, குழந்தை ரெண்டு பக்கமும் கூப்பிடுவாங்க. குழந்தை தன் உண்மையான புரோகிராமைத் தொடங்குறதுக்கு முன்னாடி டெர்மினலைத் தானே எடுத்துக்கும். இரண்டு பேரும் செஞ்சா யார் முந்தினாலும் பிரச்சினை இல்ல. குனு சி லைப்ரரி மேனுவல்ல ஒரு ஷெல்லை எப்படி எழுதுறதுன்னு தனிப் பகுதியே இருக்கு. நான் அந்தப் பகுதியைப் படிக்காம, கைக்கு வந்த வரிசையில அதையேதான் எழுதிட்டு இருந்தேன்.

அதையும் சரி பண்ணினேன். ஸ்கிரீன் வந்துச்சு, வேலை செஞ்சுது. என்ட்ரி ஸ்கிரீனை மூடினதும் ராப்பர் மைக்கைத் திரும்ப வாங்கணும். வாங்கப் போச்சு. இப்போ ராப்பரே நின்னு போச்சு. ஸ்கிரீன்ல "ஸ்டாப்டு"ன்னு ஒரு வரி, கீழ ஷெல் பிராம்ப்ட்.

யோசிச்சுப் பாருங்க. மைக்கைக் கொடுத்த நிமிஷத்துலேர்ந்து ராப்பர் பேக்கிரவுண்ட் ஆயிடுச்சு. பேக்கிரவுண்ட்ல இருக்கிறவர் டிசி-செட்-பிஜிஆர்பி கூப்பிட்டாலும் சிக்-டிடி-அவுட்தான். இன்னொரு டெர்மினல்லேர்ந்து எஸ்டிரேஸை மைனஸ் பி போட்டு ஒட்டவெச்சுப் பார்த்தேன். அந்த ஒரு கால்லதான் நின்னிருந்துச்சு, "ஸ்டாப்டு பை சிக்-டிடி-அவுட்"னு தெளிவாவே சொல்லுச்சு. இதுக்கு வழி, அந்த ஒரு காலைக் கூப்பிடும்போது மட்டும் சிக்-டிடி-அவுட்டை இக்னோர் பண்றது. "மட்டும்"னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நிரந்தரமா இக்னோர் பண்ணிட்டா, அதுக்கப்புறம் பிறக்கிற குழந்தைகளுக்கும் அந்த இக்னோர் ஒட்டிக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி பக்கை ஜிடிபிக்குள்ள ஓட்டிப் பார்க்காதீங்க. ஜிடிபியே தன் புரோகிராமைத் தனிக் குரூப்ல போட்டு, டெர்மினலை மாத்தி மாத்திக் கொடுக்கும். நீங்க தேடுற பிரச்சினையே மாறிப் போயிடும். இன்னொரு டெர்மினலைத் திறந்து, வெளியிலேர்ந்து பாருங்க.

ஏன் இப்படி வெச்சாங்க?

கோபத்துல நானும் கேட்டேன். ஆனா இது இல்லாத காலத்தை நினைச்சுப் பாருங்க. ஒரு டெர்மினல், ரெண்டு புரோகிராம், ரெண்டுமே கீபோர்டைப் படிக்குது. நீங்க அடிக்கிற எழுத்து யாருக்குப் போகும்? பாதி இங்க, பாதி அங்க. பழைய ஷெல்கள் பேக்கிரவுண்ட் வேலைக்குக் கீபோர்டையே கொடுக்காம, டெவ் நல்லைக் கொடுத்துச் சமாளிச்சுது.

இப்போ நாம பயன்படுத்துற ஜாப் கன்ட்ரோலை சி-ஷெல்லுக்கு முதல்ல எழுதினவர் ஜிம் கல்ப். ஆஸ்திரியாவுல லாக்சன்பர்க் என்ற ஊர்ல இருக்கிற ஐஐஏஎஸ்ஏ ஆராய்ச்சி நிறுவனத்துல வேலை பார்த்தவர். 1980 வாக்குல அது பெர்க்லி யூனிக்ஸுக்கு வந்து சேர்ந்துச்சு. 1988ல வந்த போசிக்ஸ் தரம் அதோட செஷன் என்ற கருத்தையும் சேர்த்து ஒழுங்குபடுத்திச்சு. கன்ட்ரோல்-இசட், எஃப்ஜி, பிஜி எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்கதான். என்னை ஒரு வாரம் படுத்தின சிக்-டிடி-அவுட், இன்னொருத்தர் டைப் பண்றதை நடுவுல புகுந்து கெடுக்காம இருக்க வெச்ச காவல்.

நீங்களும் மாட்டியிருப்பீங்க

"நானெல்லாம் ராப்பர் எழுத மாட்டேன்"னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணம். டைம்அவுட் கமாண்ட் தெரியுமில்ல? இத்தனை செகண்டுக்குள்ள முடியலன்னா கொன்னுடுன்னு சொல்றது. பிராம்ப்ட்ல நேரா அடிச்சா, உள்ள ஓடுற புரோகிராம் பாஸ்வேர்ட் கேட்டாலும் ஒழுங்கா வேலை செய்யும். அதையே ஒரு ஸ்கிரிப்ட்ல போட்டா, பாஸ்வேர்ட் கேட்கிற இடத்துல அப்படியே நிக்கும். காரணம், டைம்அவுட் தனக்குன்னு ஒரு குரூப் அமைச்சுக்குது, மைக் ஸ்கிரிப்ட்கிட்டயே இருக்கு. ஃபோர்கிரவுண்ட் என்ற ஆப்ஷன் அதுக்காகத்தான் இருக்கு.

பிராம்ப்ட்ல வேலை செஞ்சு ஸ்கிரிப்ட்ல தொங்கினா, முதல் சந்தேகம் இது மேல போகட்டும். பிராம்ப்ட்ல ஷெல் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் குரூப் அமைக்கும். ஸ்கிரிப்ட்ல அமைக்காது, எல்லாம் ஒரே குடும்பம். செட் மைனஸ் எம் போட்டாத்தான் ஸ்கிரிப்ட்லயும் அமைக்கும்.

அதனால தொங்கின புரோகிராமைப் பார்த்தா இந்த வரிசையில கேளுங்க. ஸ்டாட்ல பெரிய டி இருக்கா? இருந்தா, அது பிஸியா இல்ல, நிறுத்தப்பட்டிருக்கு. பிஜிஐடியும் டிபிஜிஐடியும் ஒண்ணா? இல்லன்னா, மைக் வேற யார்கிட்டயோ இருக்கு. அந்த டிபிஜிஐடி யாரோட நம்பர்? அவர்தான் கொடுத்திருக்கணும், கொடுக்கல. கடைசிக் கேள்வி, இந்த புரோகிராமுக்கு உண்மையிலேயே கீபோர்டு தேவையா?

கடைசியா என்ன பண்ணினேன்?

அந்தக் கடைசிக் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருந்தா ஒரு வாரம் மிச்சம். கீபோர்டு தேவைப்படுறது என்ட்ரி ஸ்கிரீனுக்கு. அது ஏற்கனவே சரியான இடத்துலதான் இருந்துச்சு. கீபோர்டே தேவையில்லாதது சிங்க். நகர்த்த வேண்டியது அதை மட்டும்தான். நான் ரெண்டையும் நகர்த்திட்டு, அப்புறம் ஒண்ணைத் திரும்பக் கொண்டுவர ஒரு குட்டி ஷெல்லே எழுதிட்டு இருந்தேன்.

அந்தக் கோடு மொத்தத்தையும் அழிச்சேன். சிங்க்கை ஒரு சிஸ்டம்டி சர்வீஸா மாத்தினேன். இப்போ அது வேன்லயே இல்ல. அதுக்கு டெர்மினலே கிடையாது. கன்ட்ரோல்-சி அதைத் தொடாது. டெர்மினல் விண்டோவை மூடினா வேன்ல இருக்கிறவங்களுக்குப் போற சிக்-ஹப்பும் தொடாது. செத்தாலும் சிஸ்டம்டி திரும்பக் கிளப்பும். சின்னதா செய்யணும்னா, பைத்தான்ல ஸ்டார்ட் நியூ செஷன்னு ஒரு ஆர்குமென்ட் இருக்கு. அது செட்-எஸ்ஐடி கூப்பிட்டு, குழந்தையைத் தனி வேனுக்கு அனுப்பிடும்.

இன்னொண்ணும் மாத்தினேன். பச்சைப் புள்ளி சும்மா மறையாது. ரெண்டு நிமிஷம் சிங்க் ஆகலன்னா ஸ்கிரீன் மேல சிவப்புல முழு வரியா காட்டும், சத்தமும் வரும். குரூப் தப்பா இருந்தது பக். ஆனா அந்தக் குடும்பத்தை ராத்திரி வாசல்ல நிக்க வெச்சது, செத்தது யாருக்கும் தெரியாம போனதுதான். அன்னைக்கு அவங்களுக்கு மாமா தன் வீட்டு மாடியில இடம் கொடுத்தார். பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் லாட்ஜுக்குப் போனேன். மாமாவையும் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டு, "அண்ணே, தப்பு என்னோடது. நீங்க சொன்னது சரி"ன்னு சொன்னேன். அவர் கீபோர்டைப் பார்த்தார். "அப்போ கன்ட்ரோல்-சி அடிக்கலாமா தம்பி?" அவ்வளவு நாளா பயந்து போய், பேரு தப்பா அடிச்சா முழுசா முடிச்சிட்டு, அப்புறம் போய்த் திருத்திட்டு இருந்திருக்கார்.

"எவ்வளவு வேணாலும் அடிங்கண்ணே."

ஹோம்வொர்க்: ஒரு டெர்மினல்ல கேட் என்ற கமாண்டை அடிச்சு, பின்னாடி ஆம்பர்சண்ட் குறி போட்டு என்டர் தட்டுங்க. அப்புறம் ஒரு வெறும் என்டர். என்ன வருதுன்னு பாருங்க. அதே நேரத்துல இன்னொரு டெர்மினல்லேர்ந்து பிஎஸ் போட்டு அந்த ஆறு காலத்தையும் படிங்க. மைக் யார் கையில இருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.